டைட்டானியம் வடிவமைப்புப் போட்டி: முதல் யோசனையிலிருந்து நடுவர் கேள்வி வரை மாணவர்களுக்கான முழு வழிகாட்டி

டைட்டானியத்தைப் புதுமையாகப் பயன்படுத்தச் சொல்லும் போட்டிகளில் பல குழுக்கள் முதல் கூட்டத்திலேயே பொருளை முடிவு செய்துவிடுகின்றன. சைக்கிள் ஃபிரேம், ட்ரோன் கை, செயற்கை முழங்கால், கைக்கடிகாரம். அப்புறம் அந்தப் பொருளுக்கு டைட்டானியம் ஏன் தேவை என்று மாதக்கணக்கில் காரணம் தேடுகிறார்கள். நடுவர் மேசைக்கு முன்னால் நின்றதும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதையே அலுமினியத்தில் செய்தால் என்ன?"

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில், ஓர் எண்ணோடு பதில் சொல்ல முடிகிற குழு பாதிக் கிணறு தாண்டிவிட்டது. மற்றவர்கள் எவ்வளவு அழகான மாதிரி செய்து வந்தாலும் தடுமாறுவார்கள். ஆகவே போட்டிக்கான வேலை முழுவதையும் இந்தக் கேள்வியை நடுவில் வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: போட்டி எந்த ரகம் என்று பாருங்கள்

சில போட்டிகள் கருத்தோடு நின்றுவிடும். வரைபடம், கணக்கு, சின்ன மாதிரி, விளக்க வீடியோ போதும். மாணவர் வடிவமைப்புகளுக்குத் தரப்படும் ஜேம்ஸ் டைசன் விருது இந்தப் பக்கம் சாயும். அங்கே ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள் என்பதுதான் முதலில் பார்க்கப்படும், பொருள் எது என்பது அப்புறம்தான். வேறு சில போட்டிகளில் செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் மாணவர் பந்தயக் கார் போட்டி. 1981-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்று தொடங்கியது. 1998-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஸ்டூடன்ட் வந்தது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத்தும் இதே குடும்பம்தான்.

ஃபார்முலா எஸ்.ஏ.இ.யில் மொத்தம் 1000 மதிப்பெண். அதில் வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிக விளக்கத்துக்கு 75. மீதி எல்லாம் ஓடுதளத்தில். டைட்டானியம் போடும் குழு இந்தப் பிரிவினையைக் கவனிக்க வேண்டும்: வடிவமைப்பில் கிடைக்கும் மதிப்பெண்ணைச் செலவுக் கணக்கில் கோட்டைவிடும் வாய்ப்பு நிறையவே உண்டு. விதிகளும் குறுக்கே நிற்கும். வெல்டிங் செய்த டைட்டானியத்தை ஓட்டுநரைக் காக்கும் முதன்மைச் சட்டகத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிப்புத்தகங்களில் பல ஆண்டுகள் இடம்பெற்ற விதி. குழாயில் ஒரு சின்ன பிராக்கெட்டை வெல்ட் செய்வதும் அதில் அடக்கம். எந்தப் போட்டியாக இருந்தாலும், இந்த ஆண்டுக்கான விதிப்புத்தகத்தை எடுத்து, டைட்டானியம் என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் தேடிக் குறித்துவிட்டு அப்புறம் பென்சிலைத் தொடுங்கள்.

படி 2: உலோகத்தை எண்களில் தெரிந்துகொள்ளுங்கள்

"எஃகைவிட வலிமை, அலுமினியத்தைவிட லேசு" என்று ஒரு வாக்கியம் எல்லா விளம்பரத்திலும் வருகிறது. அதில் இரண்டாவது பாதி நேரடியாகவே தப்பு. டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம். அலுமினியம் 2.7, எஃகு 7.85. டைட்டானியம் எஃகைவிட லேசு, அலுமினியத்தைவிடக் கனம். போட்டி அறிக்கையில் அந்த வாக்கியத்தை எழுதினால் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

முதல் பாதியையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எந்த டைட்டானியம்? கிரேடு 2 என்கிற வணிகத் தூய டைட்டானியத்துக்குக் குறைந்தபட்ச நெகிழ்வெல்லை, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, 275 மெகாபாஸ்கல்தான். சாதாரணக் கட்டுமான எஃகின் வலிமை. கிரேடு 5, அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது, 830 முதல் 880 மெகாபாஸ்கல் வரை தாங்கும். வலிமையான கலப்பு எஃகுகள் இதையும் தாண்டிப் போகும்.

இப்போது கால்குலேட்டரை எடுத்து ஒரு கணக்கு போடுங்கள். விறைப்பை அடர்த்தியால் வகுக்க வேண்டும். எஃகு: 210 ஜிகாபாஸ்கலை 7.85-ஆல் வகுத்தால் சுமார் 26.8. அலுமினியம்: 70-ஐ 2.7-ஆல் வகுத்தால் 25.9. கிரேடு 5 டைட்டானியம்: 114-ஐ 4.43-ஆல் வகுத்தால் 25.7. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்! அதாவது, வளையாமல், நீளாமல் நிற்பது மட்டுமே உங்கள் பாகத்தின் வேலை என்றால் டைட்டானியம் எடையில் ஒரு லாபமும் தராது. வளைவுச் சுமை தாங்கும் உத்தரம் என்றால் அலுமினியம் இன்னும் முன்னால் போய்விடும், ஏனென்றால் அதே எடைக்குத் தடிமனாகச் செய்யலாம். ட்ரோன் கையை டைட்டானியத்தில் வரைந்து வருகிற குழுக்கள் சறுக்குவது இங்கேதான்.

வலிமையை அடர்த்தியால் வகுத்தால் கதை கொஞ்சம் மாறும். கிரேடு 5-க்கு சுமார் 199. விமானத்துறை அலுமினியம் 7075-டி6-க்கு சுமார் 179. வித்தியாசம் பதினோரு சதவீதம். இவ்வளவுக்காக இத்தனை பணமா என்று நடுவர் கேட்பார், நியாயமாகவே. ஆனால் அதே பாகம் 200 டிகிரி செல்சியஸில் வேலை செய்ய வேண்டும் என்று வையுங்கள். 7075 தன் வலிமையில் பெரும்பகுதியை அங்கே இழந்துவிடும். கிரேடு 5 டைட்டானியம் 300 டிகிரியிலும் தெம்பாக நிற்கும். உப்புக்காற்றும் சேர்ந்தால் அலுமினியம் ஆட்டத்திலேயே இல்லை.

இந்த இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. டைட்டானியம் தனி ஒரு குணத்தில் வெல்வது அபூர்வம். இரண்டு மூன்று குணங்கள் ஒரே பாகத்தில், ஒரே நேரத்தில் தேவைப்படும்போது அதோடு போட்டிபோட ஆளில்லாமல் போகிறது. உங்கள் குழு தேட வேண்டியது அப்படி ஓர் இடத்தை.

படி 3: அந்த இடத்தைத் தேடுங்கள்

தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் ரைலே, டோன்சாய் என்ற கடற்கரைகள் உள்ளன. கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். உலகம் முழுவதிலும் இருந்து பாறை ஏறுபவர்கள் வருகிறார்கள். ஏறுபவரின் கயிறு மாட்டிக்கொள்ளப் பாறையில் போல்ட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளைப் போட்டார்கள். வெளியே பார்த்தால் பளபளவென்றே இருந்தன. உள்ளே முடி போன்ற விரிசல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சில போல்ட்டுகள் சில ஆண்டுகளிலேயே, மிகச் சின்ன இழுப்பில் முறிந்தன. கடல் உப்பின் குளோரைடு, வெப்பமான ஈரக்காற்று, போல்ட்டுக்குள் தங்கியிருக்கும் இழுவிசை மூன்றும் சேர்ந்ததால் வந்த வினை அது. பொறியியலில் இதைத் தகைவு அரிப்பு விரிசல் என்பார்கள். தீர்வாக வந்தவை பாறைத் துளையில் பசைவைத்துப் பதிக்கும் டைட்டானிய போல்ட்டுகள்.

இந்த உதாரணத்தை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாறையில் பதித்த போல்ட் எத்தனை கிராம் என்று யாரும் கவலைப்படப் போவதில்லை. டைட்டானியத்தின் புகழ்பெற்ற லேசுத்தன்மைக்கு இங்கே வேலையே இல்லை. அரிப்பைத் தாங்கும் குணமும், ஓர் உயிரைத் தாங்கும் வலிமையும், பிறகு வந்து பராமரிக்க முடியாத இடமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. விலை என்ற ஆட்சேபமும் அடங்கிவிடுகிறது: சில ஆண்டுக்கொருமுறை தொங்கியபடி எல்லா போல்ட்டையும் மாற்றும் உழைப்போடு ஒப்பிட்டால் ஒருமுறை டைட்டானியம் போடுவது மலிவு. "அலுமினியத்தில் செய்தால் என்ன?" என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. மாணவர்களுக்கான நீர்மூழ்கி ரோபோ போட்டிகளுக்குச் சில குழுக்கள் டைட்டானிய உடற்கூடு வரைகிறார்கள். போட்டி நடப்பது சில மீட்டர் ஆழ நீர்த்தொட்டியில். அங்கே அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் மேலே ஆக்சைடு படலம் வளர்த்த, அலுமினியக் குழாய் தாராளமாகப் போதும். ஆழ்கடலில் கதை வேறு. அமெரிக்காவின் ஆல்வின் நீர்மூழ்கிக்கு 1973-ல் எஃகுக் கோளத்தை எடுத்துவிட்டு டைட்டானியக் கோளம் வைத்ததும் அது இறங்கக்கூடிய ஆழம் ஏறக்குறைய இரட்டிப்பானது. சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000-இல் மூன்று பேர் உட்காரும் கோளம் 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட டைட்டானியக் கலவை. 6000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 600 பார். அந்த அழுத்தத்தையும் தாங்க வேண்டும், மிதந்து மேலேயும் வர வேண்டும், உப்பிலும் அரிக்கக் கூடாது.

இடம் தேடுவதற்கு எனக்குப் பிடித்த வழி இன்னொன்று இருக்கிறது: டைட்டானியத்தின் குறைகளைப் பட்டியலிட்டு, எந்த இடத்தில் அந்தக் குறையே தேவையாக இருக்கிறது என்று பார்ப்பது.

வெப்பத்தை மோசமாகக் கடத்தும். கிரேடு 5-இன் வெப்பக் கடத்துத்திறன், 6061 என்ற பரவலான அலுமினியக் கலவையினுடையதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பந்தயக் காரின் பிரேக் காலிப்பரில் பிஸ்டனை டைட்டானியத்தில் செய்வது இதற்காகத்தான். பிரேக் பட்டையின் சூடு பிரேக் ஆயிலுக்கு எளிதில் ஏறாது. சூடான பாத்திரப் பிடி, புகைபோக்கி தாங்கி, ஆய்வகக் கருவியின் கால் என்று இதே தர்க்கத்தை நீட்டிப் பாருங்கள்.

எஃகைவிடப் பாதி விறைப்புதான். ஆனால் சுருள்வில்லுக்கு வளைந்து கொடுப்பதே வேலை. வலிமை அதிகம், விறைப்பு குறைவு, எடை குறைவு என்பது வில்லுக்கு அருமையான கூட்டணி. 2001-ல் ஃபோக்ஸ்வாகன் லூபோ எஃப்.எஸ்.ஐ. காரில் பின்பக்கச் சுருள்வில்லை டைட்டானியத்தில் போட்டார்கள். எலும்புக்கும் இதே நியாயம்தான். எலும்பின் விறைப்பு 10 முதல் 30 ஜிகாபாஸ்கல். எஃகு உள்வைப்பு சுமையை எல்லாம் தானே சுமந்துகொள்ளும். வேலை இல்லாத எலும்பு மெலிந்துபோகும். டைட்டானியம் அதைவிடப் பரவாயில்லை, வலைப்பின்னலாக 3டி அச்சிட்டால் இன்னும் நெருங்கி வரும். எலும்பு டைட்டானியத்தோடு இறுகப் பிணையும் என்பதை சுவீடனின் பேர் இங்வார் பிரோனமார்க் 1952-ல் முயல்களில் செய்த ஆய்வில் கண்டார். 1965-ல் முதல் நோயாளிக்குப் பல் உள்வைப்பு வைத்தார். மருத்துவத் துறையில் இறங்கும் குழுக்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது, ஏனென்றால் எளிய யோசனைகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டன.

விலை அதிகம் என்ற குறைக்கும் ஒரு பதில் இருக்கிறது: மெல்லியதாக்குவது. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் போர்வை டைட்டானியத் தகடுகள்தான். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. அரிக்காது என்பதால் அரிப்புக்கென்று கூடுதல் தடிமன் வைக்க வேண்டியதில்லை.

நிறமும் ஒரு குணம்தான். சாயம் இல்லாமல், பெயின்ட் இல்லாமல், மின்னழுத்தத்தை மட்டும் கூட்டி டைட்டானியத்தின் மேல் ஊதா, நீலம், பொன்மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று வரவழைக்கலாம். மேலே உருவாகும் ஆக்சைடு படலத்தின் தடிமனே நிறத்தைத் தீர்மானிக்கிறது. சுமார் 30 வோல்ட்டில் நீலம், 50-களில் மஞ்சள், 100-ஐ நெருங்கும்போது பச்சை. போராக்ஸ் கரைசலும் ஒரு டிசி மின்வழங்கியும் இருந்தால் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். ரப்பர் கையுறையும் மேற்பார்வையும் கட்டாயம், 100 வோல்ட் டிசி உயிருக்கு ஆபத்தானது. அறுவைசிகிச்சைத் திருகுகளை அளவுக்கு ஒரு நிறமாகப் பிரிப்பது இப்படித்தான். இதை வைத்து வேறென்ன குறிகாட்டி செய்யலாம் என்று யோசித்தால் கருத்துப் போட்டிக்கு நல்ல விதை கிடைக்கும்.

படி 4: ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதில் நீண்ட யோசனை வேண்டாம். அரிப்பு மட்டுமே பிரச்சினை, வளைக்கவும் வெல்ட் செய்யவும் வேண்டும் என்றால் கிரேடு 2. வலிமை வேண்டும், பெரும்பாலும் மெஷினிங் என்றால் கிரேடு 5. உடலுக்குள் போவதென்றால் கிரேடு 23. கிரேடு 5-இன் தூய வடிவம் அது. 80 டிகிரிக்கு மேல் சூடான உப்புநீர், குறுகலான இடுக்குகள் என்றால் கிரேடு 2 இடுக்கில் அரிக்கலாம். சிறிதளவு பல்லேடியம் சேர்த்த கிரேடு 7-ஐப் பாருங்கள். "டைட்டானியம் அரிக்கவே அரிக்காது" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

படி 5: எதிரிகளோடு மோதவிடுங்கள்

ஒரு தாளில் உங்கள் பாகத்துக்கான ஐந்து தேவைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லை வேண்டும்: எத்தனை டிகிரி, எத்தனை நியூட்டன், எத்தனை சுழற்சி, எத்தனை ஆண்டு. பிறகு 7075 அலுமினியம், 316 ஸ்டெயின்லெஸ், டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ், கார்பன் ஃபைபர், பொருந்தினால் பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றையும் அந்தத் தேவைகளில் ஓடவிடுங்கள். அந்தந்தப் பொருளுக்கு ஏற்றபடி வடிவத்தை மாற்றி ஒப்பிட வேண்டும் என்பது முக்கியம். டைட்டானியத்துக்கு வரைந்த அதே வடிவத்தில் அலுமினியத்தைப் போட்டுத் தோற்கடிப்பது நேர்மையான ஒப்பீடு இல்லை. அனுபவமுள்ள நடுவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

சில சமயம் இந்தப் படியில் டைட்டானியம் தோற்கும். தோற்றால் யோசனையை மாற்றுங்கள், எண்களை மாற்றாதீர்கள். பல சமயம் முழுப் பாகத்துக்கும் டைட்டானியம் வேண்டாம், உப்போ சூடோ தொடும் ஒரு பகுதிக்கு மட்டும் போதும் என்ற முடிவு வரும். அப்படி வருவது நல்ல அடையாளம். 40 கிராம் டைட்டானியம் சரியான இடத்தில் இருக்கும் வடிவமைப்பை, முழுக்க டைட்டானியத்தில் செய்ததைவிட நான் உயர்வாக மதிப்பேன்.

ஆனால் கலந்து பயன்படுத்தும்போது ஒன்று கவனியுங்கள். உப்புநீரில் டைட்டானியத்தோடு அலுமினியமோ சாதாரண எஃகோ ஒட்டி நின்றால் டைட்டானியம் தப்பித்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பது வேகமாக அரிக்கும். நடுவில் மின்காப்பு வளையம் வையுங்கள். கார்பன் ஃபைபரோடு டைட்டானியம் நன்றாகவே ஒத்துப்போகும்.

படி 6: உலோகத்தைத் தேடி வாங்குங்கள்

டைட்டானியத் தாது நமக்கு வெகு அருகில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் உண்டு. கேரளத்தின் சவராவிலும் உண்டு, அங்கே டைட்டானியப் பஞ்சு தயாரிக்கும் ஆலையும் இருக்கிறது. அப்படியானால் ஏன் இவ்வளவு விலை? தாதுவைக் குளோரைடாக்கி, மெக்னீசியத்தோடு சூடாக்கி, பஞ்சு போன்ற உலோகமாக எடுத்து, அதை வெற்றிடத்தில் உருக்க வேண்டும். வில்லியம் குரோல் 1940-களில் செம்மைப்படுத்திய இந்த முறை இன்றும் தொகுதி தொகுதியாகத்தான் நடக்கிறது. எஃகு ஆலை போல இடைவிடாமல் ஓடாது. விலை பற்றி நடுவர் கேட்டால் தாது அரிது என்று சொல்லிவிடாதீர்கள். அது ஏராளம், பிரித்தெடுப்பதுதான் செலவு.

மாணவர்களுக்குத் தேவைப்படுவது சில கிலோதான். ஹைதராபாத்தின் மிதானி போன்ற பெரிய ஆலைகளிடம் அவ்வளவு சின்ன ஆர்டருக்கு முயல்வதைவிட, மும்பை, சென்னை உலோக வியாபாரிகளிடமும், உள்வைப்பு செய்யும் சிறு தொழிற்சாலைகளிடம் மிஞ்சும் துண்டுக் கம்பிகளுக்கும் கேட்டுப் பாருங்கள். போட்டிக்கு என்று கல்லூரிக் கடிதத்தோடு போனால் துண்டுகளை இலவசமாகத் தருபவர்கள் உண்டு. எங்கே வாங்கினாலும் ஆலைச் சோதனைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். சான்றிதழ் இல்லாத துண்டு என்றால் முதலில் எடைபோட்டு, நீரில் மூழ்கவைத்து, அடர்த்தி பாருங்கள்: 4.4-க்கும் 4.5-க்கும் இடையில் வர வேண்டும். கிரைண்டரில் லேசாக வைத்தால் கண்ணைக் கூசும் வெள்ளைப் பொறி பறக்கும். இந்த இரண்டும் டைட்டானியம்தான் என்று சொல்லும். எந்தக் கிரேடு என்பதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

படி 7: செய்யும்போது

முதல் மாதிரியை டைட்டானியத்தில் செய்யாதீர்கள். 3டி பிரின்டரில் பிளாஸ்டிக்கில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று. அளவு, பொருத்தம், கைக்கு வரும் விதம் எல்லாம் அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

லேத்திலோ மில்லிங்கிலோ டைட்டானியத்தை வெட்டும்போது எல்லாச் சூடும் வெட்டுமுனையிலேயே தங்கிவிடும். உலோகம் அதைக் கடத்திக்கொண்டு போகாது. எனவே வேகம் குறைவாக, கிரேடு 5-க்கு கார்பைடு இன்சர்ட்டில் (மாற்றிப் போடக்கூடிய வெட்டுமுனை) நிமிடத்துக்கு 40 முதல் 60 மீட்டர் போலத் தொடங்குங்கள். ஊட்டம், அதாவது வெட்டுமுனை முன்னேறும் வேகம், நிதானமாக, ஆனால் விடாமல் இருக்கட்டும். கூலன்ட் வெள்ளமாகப் பாயட்டும். இன்சர்ட் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கியது போலத் தோன்றினாலே மாற்றிவிடுங்கள். வெட்டும் நடுவில் முனையை நிறுத்தி உரசவிட்டால் மேற்பரப்பு இறுகி, அடுத்த வெட்டு இன்னும் கடினமாகும். உலோகம் மீள்தன்மை உள்ளது என்பதால் மெல்லிய சுவர்கள் வெட்டுமுனையை விட்டு விலகி, பிறகு திரும்பி வரும்; அளவு கூடுதலாக நிற்கும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று: மெல்லிய சீவலும் தூளும் தீப்பிடிக்கும். எரியும் டைட்டானியத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது; அந்த வாயுவிலேயே அது எரியும், நைட்ரஜனிலும் எரியும். உலர்ந்த மணல் வாளியோ உலோகத் தீக்கான டி வகை அணைப்பானோ எந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் சீவலைக் கூட்டி மூடிய உலோக டப்பாவில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வெல்டிங்கில் எதிரி காற்று. சூடான டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு மொறுமொறுப்பாகிவிடும். டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையும் காக்கும் வாயுவும் கொண்ட முறை) முன்பக்கம் மட்டும் ஆர்கான் வாயு அடித்தால் போதாது. குழாயின் உள்பக்கமும், டார்ச் கடந்துபோன சூடான தடமும் சுமார் 400 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை ஆர்கானுக்குள் இருக்க வேண்டும். முடிந்ததும் நிறம் பாருங்கள். வெள்ளிப் பளபளப்பு என்றால் பிரமாதம். லேசான வைக்கோல் மஞ்சள் பரவாயில்லை. நீலம் சந்தேகம், சாம்பலோ வெள்ளைத் தூளோ தெரிந்தால் வெட்டி எறியுங்கள். அந்த நீலம் கண்ணுக்கு அழகாக இருக்கும், மாட்டிக்கொள்ளாதீர்கள். அனோடைஸ் செய்த நீலமும் வெல்டின் நீலமும் ஒன்றல்ல.

சுத்தம் செய்ய அசிட்டோன் போதும். மற்ற திரவங்களிலும் கருவிகளிலும் கவனம் வேண்டும். எஸ்.ஆர்-71 உளவு விமானத்தைக் கட்டியபோது கோடைக்காலத்தில் செய்த பாகங்கள் மட்டும் சீக்கிரம் கெட்டன. தேடிப் பார்த்ததில், கோடையில் நகராட்சி தண்ணீரில் குளோரின் கூடுதலாகக் கலந்ததும், பாகங்களை அந்தத் தண்ணீரில் கழுவியதும்தான் காரணம் என்று தெரிந்தது. காட்மியம் பூசிய ஸ்பேனர்களால் இறுக்கிய போல்ட்டுகளும் பிறகு முறிந்தன. கருவிப்பெட்டிகளில் இருந்து அவற்றை எல்லாம் அகற்றினார்கள். 1966-ல் அப்போலோ விண்கலத்தின் டைட்டானியத் தொட்டி ஒன்று மெத்தனால் நிரப்பிச் சோதித்தபோது விரிசல்விட்டு வெடித்தது. உங்கள் பட்டறையில் டைட்டானியத்துக்கென்று தனித் துணி, தனி ஸ்டெயின்லெஸ் பிரஷ், தனிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

திருகுமரை வைக்கிறீர்களா? டைட்டானியத்தின் மேல் டைட்டானியம் உரசினால் இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பிடித்துவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெண்கலப் புஷ், நைட்ரைடு பூச்சு, குறைந்தபட்சம் ஆன்டி-சீஸ் பசை, இவற்றில் ஒன்று அவசியம்.

படி 8: சோதியுங்கள்

உடையும்வரை இழுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றாவது இருக்கட்டும். கல்லூரியில் யு.டி.எம். எனும் இழுவிசைச் சோதனை எந்திரம் இருக்கும். ஒரே வடிவத்தில் மூன்று துண்டு போதும். சராசரியோடு சிதறலையும் எழுதுங்கள். மீண்டும் மீண்டும் சுமை ஏறும் பாகம் என்றால் மேற்பரப்பைக் கண்ணாடிபோலத் தேய்த்துச் சோதியுங்கள். டைட்டானியத்துக்குக் கீறல் ஆகாது, கீறலில் இருந்துதான் களைப்பு விரிசல் தொடங்கும். 3டி அச்சிட்ட பாகங்களில் இது இன்னும் கூர்மை: அச்சிலிருந்து எடுத்த சொரசொரப்பான மேற்பரப்போடு விட்டால் களைப்பு வலிமை வெகுவாகக் குறையும். உள்ளே நுண்துளைகளும் இருக்கும். சூடான உயரழுத்த வாயுவில் இறுக்கும் சிகிச்சை செய்தீர்களா என்று நடுவர் கேட்பார். செய்யவில்லை என்றால் எந்தச் சுமைக் குறைப்பு எண்ணை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று காட்டுங்கள்.

அரிப்புச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். உங்கள் பாகத்தையும் அதன் ஸ்டெயின்லெஸ் இரட்டையையும் இறுக்கமான போல்ட்டோடு உப்புநீரில் வாரக்கணக்கில் வைத்து, வாரம் ஒரு படம் எடுங்கள். வரிசையாக ஒட்டிய அந்தப் படங்கள் மேசையில் நிறையப் பேசும்.

படி 9: அறிக்கையும் நேர்முகமும்

அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம்: யாருடைய பிரச்சினை, இன்று அதற்கு என்ன பயன்படுத்துகிறார்கள், டைட்டானியம் எந்த இரண்டு அல்லது மூன்று குணங்களால் அங்கே வெல்கிறது. பின்னணி வரலாற்றைப் பின்னால் தள்ளுங்கள். 1791-ல் கிரகர் டைட்டானியத்தைக் கண்டுபிடித்தார் என்று தொடங்கும் அறிக்கைகள் ஏராளமாக வருகின்றன. அதைப் படிக்க நடுவருக்கு நேரமில்லை.

செலவைத் தனிப் பக்கமாக எழுதுங்கள். வாங்கிய எடை, பாகத்தில் மிஞ்சிய எடை, சீவலாகப் போனது என்று மூன்றையும் காட்டுங்கள். ஒரு கட்டையை வாங்கி முக்கால் பங்கைச் சீவித் தள்ளியிருந்தால் மறைக்க வேண்டாம். தகட்டிலிருந்தோ குழாயிலிருந்தோ செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். பாகத்தின் ஆயுள் முழுவதற்குமான செலவைப் போட்டியாளரோடு ஒப்பிடுங்கள், பாறை போல்ட்டுக்குச் செய்தது போல.

நேர்முகத்துக்கு முன் குழுவில் ஒருவர் நடுவராக உட்காரட்டும். வடிவமைத்தவர் பதில் சொல்லக் கூடாது, மற்றவர்கள் சொல்லட்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் அப்போது வெளியே வந்துவிடும். கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஏன் இந்தக் கிரேடு? எடையைப் பாதியாக்கச் சொன்னால் எதை மாற்றுவீர்கள்? ஆயிரம் செய்யச் சொன்னால் எந்த முறையில்? எது முதலில் உடையும்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாத குழு தன் பாகத்தை முழுதாக அறியவில்லை என்று நடுவர் முடிவுகட்டுவார். உடைந்த சோதனைத் துண்டைப் பையில் எடுத்துப்போய் மேசையில் வையுங்கள்.

படி 10: காட்சிக்கு வைப்பதற்கு முன்

யோசனை உண்மையிலேயே புதிது என்று நம்பினால், மேடையில் காட்டுவதற்கு முன் கல்லூரியின் காப்புரிமைப் பிரிவைப் பாருங்கள். பொதுவெளியில் காட்டிய பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று நிராகரிக்கப்படலாம். இந்தியாவில் முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரத்தைத் தாக்கல் செய்யலாம், எனவே போட்டித் தேதிக்கு முன்பே முடிக்கக்கூடிய வேலைதான். வெல்லும் படைப்பு யாருக்குச் சொந்தம் என்று போட்டி விதியில் ஒரு பத்தி இருக்கும்; அதை ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து படித்த பிறகு கையெழுத்திடுங்கள். குழுவில் யார் யார் பெயர் விண்ணப்பத்தில் வரும் என்பதையும் அன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், முடிவு வந்தபின் பேசுவது கஷ்டம்.